புத்ராஜெயாவின் கண்

லூமுட் மீன் இறங்குதுறையில் தன் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்ட தாதியைப் பார்த்ததும் தேவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இருமல் நின்றுவிட்டது, உடம்பும் தேறிவிட்டது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டு, காசநோய் மாத்திரையை மூன்றாம் மாதத்தில் கைகழுவிவிட்டு ஓடி வந்தவன் அவன்.

ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டும், நடுவில் விட்டால் நோய் திரும்பும், அப்புறம் எந்த மருந்தும் கேட்காது, ஆளையே கொண்டுபோய்விடும் என்று கோப்பெங் கிளினிக்கில் தாதி குமுதா மிஸ்ஸி தலைபாடாக அடித்துக்கொண்டாள். காதில் ஏறினால்தானே! தினமும் அவள் எதிரில் நின்று விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டுவது அவனுக்கு மானக்கேடாக இருந்தது.

போன் நம்பரை மாற்றினான். பெற்றவளிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினான்.

இங்கேயும் மருந்துப் பையோடு வந்து நிற்கிறாள் ஒருத்தி. லூமுட் கிளினிக்காம். பெயர் ஷாமினியாம்.

ஆத்தாடி! தேவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அரசாங்க ஆபீஸெல்லாம் இருக்கிற புத்ராஜெயாவில் ஏதோ பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. எந்த மூலையில் ஒளிந்தாலும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு பெரிய அரசாங்கம்! மீன் பெட்டி தூக்குகிற ஒருத்தனுக்காகக் கண் விழித்துக்கொண்டிருக்கிறதே!

பயமும் பெருமையுமாகக் கையை நீட்டினான்.

மாத்திரையோடு ஒரு சின்ன வாழைப்பழத்தையும் வைத்தாள் ஷாமினி.

"இது இல்லாட்டி உங்களுக்குக் குமட்டுமாமேண்ணே."

"இதுகூடவா கம்ப்யூட்டர்ல இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்ப்யூட்டரும் இல்ல, ஒண்ணும் இல்லலா. குமுதா மிஸ்ஸிதான். ஈப்போவிலருந்து இங்க வரைக்கும் ஒவ்வொரு கிளினிக்கா போன் போட்டு, ஒல்லியா ஒரு ஆளு, வாழைப்பழம் இல்லாம மாத்திரை இறங்காது, எப்படியாச்சும் தேடிப் பாருங்கன்னு ஒரே கெஞ்சல். நானும் ஒரு வாரமா கொட்டகை கொட்டகையா கேட்டுட்டு வாரேன்."

தேவன் பழத்தை உரித்தான். மாத்திரை இறங்கிவிட்டது.

"நாளைக்கே கோப்பெங் கிளினிக்குப் போயி, மிஸ்ஸி கால்ல விழுந்துர்றேன்."

"அங்க போயி என்ன செய்ய? நீங்க ஓடிவந்த அந்த வாரமே அவங்க பென்ஷன் ஆயிட்டாங்கண்ணே. போன் எல்லாம் வீட்டுலருந்துதான்."

தேவன் வாயை அகலத் திறந்து காட்டினான்.

ஷாமினி இன்னும் கேட்கவே இல்லை.