கூட இருந்த பிள்ளை

“இங்கே இருப்பவர்கள் யார் யார், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்” என்று இந்தியில் கேட்டார் சர்க்கார் குவார்ட்டர்ஸைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர்.

கிருஷ்ணஸ்வாமி நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “நான் கிருஷ்ணஸ்வாமி, வீடு என் பெயரில். அவள் நீலா, என் மனைவி. அவன் என் பையன் சேஷு. பக்கத்தில் அவன் மனைவி வைஷு. இவர் எதிர்வீட்டு முகமது ரஃபீக், சாட்சிக்கு வந்திருக்கிறார்.”

நீலா மனதுக்குள் கணக்குப் போட்டாள். ரிடையராகும் வயதை அறுபதாக்கியதில் கணவருக்குக் கிடைத்த இரண்டு வருடமும் அடுத்த மாதத்தோடு முடிகிறது. சர்க்கார் வேலையில் உள்ள பிள்ளை அப்பாவோடு ஒரே வீட்டில் மூன்று வருடம் இருந்திருந்தால் அந்த வீட்டை அவன் பெயருக்கே மாற்றித் தருவார்கள். சேஷுவும் சர்க்கார் குமாஸ்தாதான். வைஷுவுக்கு ஏழாவது மாதம். இந்த வீடு கைவிட்டுப் போனால், புணேயில் வெளியே கேட்கிற வாடகைக்கும் டெபாசிட்டுக்கும் எங்கே போவது?

“மகன் இங்கேதான் வசிக்கிறாரா?” என்று ரஃபீக்கைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“இதிலென்ன சந்தேகம், சாஹேப்? இவர் ஸ்கூட்டரை உதைக்கிற சத்தத்தில்தான் எங்கள் வீடே எழுந்திருக்கிறது.”

“அது ஞாயிற்றுக்கிழமை” என்றார் கிருஷ்ணஸ்வாமி.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவான். அதைத்தான் இவர் சொல்கிறார். என் பையன் என்னோடு இல்லை.”

ரஃபீக் சட்டென்று தமிழுக்கு மாறினார். “என்ன சார், நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? நான் தினம் பாக்கறேனே.”

“நீங்க சும்மா இருங்கோ, ரஃபீக்.”

இன்ஸ்பெக்டர் பால்கனியை எட்டிப் பார்த்தார். “கொடியில் காய்வது அவர் சட்டைகள்தானே?”

“துவைக்கக் கொண்டுவந்து போடுவான். அம்மா இருக்கிறாளே.”

“அப்படியென்றால் எங்கே குடியிருக்கிறார்?”

“போபோடியில். வாடகை வீடு.”

“கூடவே இருக்கிறான் என்று மனுவில் எழுதியது நீங்கள்தானே?”

“பிள்ளைப் பாசம். தப்புதான். மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். “இந்த வயதில் ஒரு வீட்டுக்காகப் பொய் சொல்லலாமா? உங்களைப் பற்றி ஆபீசில் எவ்வளவோ நல்லதாகச் சொன்னார்கள்.”

கிருஷ்ணஸ்வாமியின் தலை தாழ்ந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் நீலா அதைப் பார்த்ததில்லை. சேஷு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்ஸ்பெக்டர் போனதும் ரஃபீக், நீலா நீட்டிய டீயை வாங்கிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டார். “என்னைப் பொய் சாட்சி ஆக்கிட்டீங்க, சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நீலாவுக்கு அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “பெத்த பிள்ளையை மூணாம் மனுஷா எதிர்ல இல்லைன்னுட்டேளே. அப்படி என்னதான் பண்ணிட்டான் அவன்?”

அவர் சேஷுவிடம், “பொழுது சாயறதுக்குள்ள போபோடியில ஒரு ரூம் பாரு. இன்னிக்கே போயிடு” என்றார்.

“அவ வயத்துப்பிள்ளைக்காரின்னா” என்றாள் நீலா.

“தெரியும்.”

“நீங்களாவது கேளுங்கோளேன்” என்று வைஷு கணவனின் கையைப் பிடித்தாள். சேஷு கையை விடுவித்துக்கொண்டு கொடியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக உருவினான். ஈரம் கூடக் காயவில்லை.

மருமகளைப் பிடிக்காமல் மாமனார் பிள்ளையையே வீட்டைவிட்டுத் துரத்தினார், வீடும் கிடைக்கவிடாமல் செய்தார் என்று காலனியில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

அது உண்மையில்லை. அப்பா வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டே, போபோடியில் வாடகைக்கு இருப்பதாக எழுதிக்கொடுத்து மூன்று வருடமாக ஆபீசில் வீட்டு வாடகைப் படி வாங்கிவந்தவன் சேஷு. மனு எழுதியபோது அப்பாவுக்கு அது தெரியாது; இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலையில்தான் தெரிந்தது. அவன் அப்பாவோடுதான் இருந்தான் என்று அன்றைக்கு ருசுவாகியிருந்தால், வீடு கிடைத்திருக்காது, வேலைதான் போயிருக்கும்.