உப்புப் பிடித்த பொத்தான்

“திருப்பியும் செத்துப்போச்சோ?”

கடைக்குள் நுழைந்த விநாயகமூர்த்தியைப் பார்த்துக் கேட்டான் அல்பேட். அவர், கடைகள் நிறைந்த அந்தப் பிளாசாவில் தெரிந்த முகம் ஏதும் நிற்கிறதா என்று கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டின் உள் பொக்கெற்றிலிருந்து ஒரு உலோகக் குழாயை எடுத்து மேசையில் வைத்தார்.

ஸ்காபரோவில் செல்போன் திருத்துகிற அல்பேட், பழைய டோர்ச் லைட் ஒன்றைக் கடைந்து அவருக்காகவே செய்து கொடுத்த மின்சிகரெட் அது. உள்ளே ஒரு பற்றரி, தலையில் ஒரு கம்பிச்சுருள், அடியில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் சுருள் சூடாகி ஆவி வரவேண்டும்.

“இஞ்ச வைச்சு அமத்தினால் வேலை செய்யுது அல்பேட். வீட்டை கொண்டுபோய் ஒரு இரவு வைச்சால் விடியப் படுத்திடுது.”

“உங்கட வீட்டில எதுதான் எழும்பி நிண்டது அண்ணை?”

அல்பேட் வேறு பற்றரி போட்டு அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. தலையை மட்டும் கழற்றி இன்னொரு குழாயில் பூட்டினான். சுருள் உடனே சிவந்தது.

“பற்றரியும் சுகம், தலையும் சுகம். அப்ப வருத்தம் சுவிச்சிலதான். எண்ணெய் கிண்ணெய் விட்டனியளோ?”

“சத்தியமா இல்லை.”

“உந்தச் சத்தியம் பண்ணுறதை முதல்ல நிப்பாட்டுங்கோ. ஒரு சத்தியத்தால பட்டது போதாதே?”

விநாயகமூர்த்தியின் முகம் சுருங்கியது. அவர் மனைவி யோகமலரின் தம்பி ஜெயரட்ணம் இலங்கையில், வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டவன். மாசி மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இப்போது சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொல்லியும் தொலைபேசி அடிக்கவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரியும்வரை தன் கணவர் சிகரெட்டைத் தொடமாட்டார் என்று யோகமலர் முருகனுக்கு நேர்த்தி வைத்து, அவரையும் தம்பியின் பேரில் சத்தியம் பண்ண வைத்திருந்தாள்.

“நேர்த்தி வைச்சது அவ. வாயைக் கட்டினது எனக்கு,” என்றார் விநாயகமூர்த்தி. “உது சிகரெட்டே இல்லை அல்பேட். நெருப்பில்லை, சாம்பலில்லை. வாறது வெறும் ஆவி.”

“முருகனோட கோட்டுக்கு வழக்குப் பேசப் போறியளோ? உந்தக் கதையை எங்கட மாதாவே நம்பமாட்டா.”

“செய்து தந்தது நீர்தானே!”

“செய்யத்தான் எனக்குத் தெரியும். மச்சானை வைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டு ஒளிச்சு ஊத உங்களுக்குத்தான் தெரியும்.”

பேசிக்கொண்டே அல்பேட் பொத்தானைக் கழற்றினான். செப்புத் தகட்டிலும் ஸ்பிரிங்கிலும் வெள்ளையாக ஏதோ அப்பிக்கிடந்தது. நகத்தால் சுரண்டினான். தூளாக உதிர்ந்தது.

“பற்றரி கக்கினதோ?” என்று பயந்துபோய்க் கேட்டார் விநாயகமூர்த்தி.

“பற்றரி புத்தம் புதுசு. உந்தக் குழாயை எங்க ஒளிக்கிறனியள்?”

“குளிருக்குப் போடுற ஸ்னோ சப்பாத்துக்குள்ள. இனி மார்கழி மட்டும் அதை ஆரும் தொடமாட்டினம்.”

அல்பேட் கதிரையில் சாய்ந்து சிரித்தான். “அண்ணை, பனி கரைய றோட்டுக்குக் கொட்டுற உப்பு! பனிக்காலம் முழுக்க உப்பில நடந்த சப்பாத்துக்குள்ள கொண்டுபோய் வைச்சால் கரண்ட் எப்பிடி ஓடும்? கனடாவுக்கு வந்து பதினைஞ்சு வருசம். ஒளிக்க ஒரு இடம் தெரியேல்லை உங்களுக்கு.”

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மரைகளைத் துடைத்து, தகட்டை சாண்ட் பேப்பரில் தேய்த்து மினுக்கி, எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தான். விநாயகமூர்த்தி அழுத்தினார். ஆவி வந்தது.

பஸ் தரிப்பிடத்தில் ஒரு இழுப்பு. மோர்னிங்சைட்டில் இறங்கி, தான் குடியிருக்கும் கட்டடத்தின் பின்பக்கம் குப்பைத் தொட்டியடியில் இன்னும் இரண்டு. பிறகு வாயில் ஒரு மின்ற் போட்டுக்கொண்டு மேலே போனார்.

கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். யோகமலர் நிலத்தில் இருந்தாள். தொலைபேசி மடியில் கிடந்தது. தோள்கள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

விநாயகமூர்த்தியின் கை தானாகவே பொக்கெற்றைப் பொத்தியது. குப்பைத் தொட்டியடியில் இழுத்த இரண்டு இழுப்பும் நெஞ்சுக்குள் கல்லாக இறங்கின. நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டார்.

“யோகம்... தம்பி...?”

“கதைச்சவன். இப்பதான் கதைச்சவன். வவுனியாவில முகாமில நிக்கிறானாம். காலில காயமாம். உயிரோட இருக்கிறானப்பா!”

விநாயகமூர்த்தி சுவரோடு சரிந்து இருந்தார். அவருக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் கண்ணைத் துடைத்து முடிக்கும் முன்பே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“நான் சொன்னனான் எல்லே! மாசி தொடக்கம் ஒரு இழுப்பு இழுத்தனானோ? எத்தினை பேர் நீட்டினவங்கள், தொட்டனானோ? மனுசன் எண்டால் கட்டுப்பாடு வேணும் யோகம். என்ர நேர்த்திதான் உம்மட தம்பியைக் காப்பாத்தினது.”

யோகமலர் அழுகையை நிறுத்தினாள். மீன்கடையில் பழுதான மீனைப் பார்ப்பதுபோல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து சாமித்தட்டடிக்குப் போனாள். சிரட்டையிலிருந்து ஒரு பிடி திருநீறு அள்ளி வந்து, முருகா என்று அவர் நெற்றி நிறையப் பூசினாள்.

மிச்சத்தை அவரது ஜாக்கெட் பொக்கெற்றில் தட்டிவிட்டுச் சொன்னாள்:

“இனி உங்கட குழாய்க்குள்ள இந்தத் திருநீறை அடைக்கமாட்டன், போய் ஊதுங்கோ.”