கேட்கும் பெட்டி

“கொஞ்சம் கம்பீரமாத்தான் சொல்லேன். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தா அதுக்கு எப்படிக் கேக்கும்?”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். “விளக்கைப் போடு.”

சாப்பாட்டு மேஜையின் நடுவில் இருந்த கறுப்புப் பெட்டி கம்மென்று இருந்தது.

“விளக்கைப் போடு” என்றார் கணவர், அதே சத்தத்தில்தான். பளிச்சென்று விளக்கு எரிந்தது.

“பாத்தியா?”

பார்த்தாள். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் இன்ஜினியர். குரல் கொடுத்தால் போதும், விளக்கு, விசிறி, மோட்டார் எல்லாவற்றையும் பெட்டியே இயக்கும். அவருடைய கம்பெனித் தயாரிப்பு. உருவாக்கியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பேசிப் பேசிப் பழக்கியதும் அவர்களே. கடைசியில் பெட்டிக்கு ஆண் குரலைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை.

“ஊர்ல பாதிப்பேர் சொல்றது காதுல விழலைன்னா அது என்ன கருவி?” என்று ஆபீஸில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டவரும் அவர்தான். அதையும் சொல்லியாக வேண்டும். நல்ல மனுஷர்.

மறுநாள் அறிமுக விழா. அதற்குள் பெட்டிக்குப் பெண் குரல் பழக வேண்டும். வீட்டில் இருக்கிற பெண் குரல் மனைவியுடையது.

நடுவில் அவள் செல்போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“என்னங்க, குடிநீர் ஆராய்ச்சிக் கூடத்துலேருந்து பேசினாங்க. அன்னிக்கு இன்டர்வியூ போனேனே, செலக்ட் ஆயிட்டேனாம்!”

“ம்” என்றார், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய ‘ம்’முக்கு எத்தனையோ அர்த்தம் உண்டு. கேட்டேன் என்பது மட்டும் அதில் சேர்த்தி இல்லை.

அவள் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். மகள் பிறந்தபோது வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும், இனி நம்மை எவன் கூப்பிடப் போகிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது கூப்பிட்டுவிட்டார்கள்.

“திங்கக்கிழமை சேரணுமாம். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?”

“‘மோட்டாரை நிறுத்து’, அதை இன்னொரு தடவை சொல்லு. ‘மோ’ சரியா விழலை.”

சொன்னாள்.

மத்தியானம் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தாள். “அந்த வேலை விஷயம்...”

“ம். உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

சாயங்காலம் ஆகிவிட்டது. இனியும் பொறுக்க முடியாது.

“என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“என்கிட்ட எதுக்கு? அதுகிட்ட சொல்லு. மனசுல வர்றதையெல்லாம் சொல்லு, அப்பத்தான் பழகும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. நாற்காலியைப் பெட்டிப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கு ஆராய்ச்சிக் கூடத்துல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரப் போறேன். காலையில அஞ்சரைக்கு எழுப்பி விடு.”

பெட்டியில் பச்சை விளக்கு மின்னியது. “சரி. திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எழுப்புகிறேன்.”

“கேட்டுடுச்சு!” என்று குதித்தார் அவர். அடுத்த நிமிடம் மேலதிகாரிக்குப் போன். “சார், ஒரு வார்த்தை விடலை சார்! இனிமே லேடீஸ் என்ன சொன்னாலும் கேக்கும் சார்!”

அவளும் போனை எடுத்தாள். ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சம்மதம் சொன்னாள். அதே அறையில், அவர் பக்கத்தில் நின்றுகொண்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை விழா அமர்க்களப்பட்டது. “பெண்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் காலம் வந்துவிட்டது!” என்று அவர் மைக்கில் முழங்கினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளும் கை தட்டினாள். கேடயத்தோடு வீடு திரும்பியவர், களைப்பில் படுத்ததும் தூங்கிப்போனார்.

திங்கட்கிழமை காலை பெட்டி வீடே அதிரக் கூப்பிட்டது. “எழுந்திருங்கள். இன்று ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும்.”

அவர் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தார். “வேலையா? யாருக்கு வேலை? என்கிட்ட யாருமே சொல்லலையே!”

எப்போதோ எழுந்து குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த அவள், திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“நானும் நாள் பூரா சொன்னேங்க. அதுக்குத்தான் கேட்டுது.”