பச்சைத் தட்டில் ஒரு வட்டம்

ஆய்வுக்கூடத்தின் சன்னலோரம் நின்று அவள் அந்தச் சிறிய கண்ணாடித் தட்டையே பார்க்கிறாள். மூடியிருந்தும் அதிலிருந்து லேசாகத் திராட்சை வாசனை வருகிறது. கணவனின் கட்டுத்துணியில் வீசும் அதே வாசனை. அவனுடைய கால் புண்ணிலிருந்து எடுத்த கிருமிகள் தட்டு முழுவதும் பாசிபோலப் படர்ந்திருக்கின்றன. மாடி வார்டில் அவன் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கிறான். இவை இங்கே சௌக்கியமாக வளர்கின்றன. எந்த மருந்துக்கும் மசியவில்லை. நாளைக்கு அவன் காலை முழங்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்கிறார்கள் டாக்டர்கள். "இங்க பாருங்கக்கா," என்று ஆய்வுக்கூடப் பெண் தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்குகிறாள். பச்சைக்கு நடுவே பொட்டளவு வட்டம் ஒன்று துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருக்கிறது. "நேத்து அங்க ஒரு சொட்டு விட்டேன். கிருமியைத் தின்னுற வைரஸ்." "எங்கேருந்து பிடிச்சீங்க?" "நம்ம ஆஸ்பத்திரி சாக்கடையிலதான். வடிகட்டி, சுத்தம் பண்ணித்தான் அவரு உடம்புல ஏத்துவோம்." "அவருக்குத் தெரிஞ்சா எழுந்து சண்டைக்கு வருவாரு." "வரட்டுமேக்கா. ரெண்டு காலையும் ஊனி வந்தா போதும்." இருவரும் சிரிக்கப் பார்க்கிறார்கள், சிரிப்பு வரவில்லை. குளிர்பெட்டி உறுமி அடங்குகிறது. அவள் தட்டுக்குப் பின்னால் விரலை வைக்கிறாள். பச்சையில் விரல் மங்கிப்போகிறது; அந்த வட்டத்துக்குள் மட்டும் ரேகை ரேகையாகத் தெரிகிறது. "எல்லாத்தையும் தின்னு முடிச்சிட்டு அவரை என்ன பண்ணும்?" "மனுஷ உடம்பைத் தொடாதுக்கா. தீனி தீர்ந்தா அதுவும் போயிடும். டாக்டர் உங்க வார்த்தைக்காகத்தான் காத்திருக்காரு."  அவள் தட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அந்தப் பச்சைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து, "ஏத்துங்க," என்கிறாள்.