ஆறாவது ஆட்டம்

அவள் விரல் திரைக்கு மேலேயே நின்றது.

பச்சைத் திடலில் பதினோரு வட்டங்கள். பத்தில் முகங்கள் இருந்தன. ஒன்று காலி.

ஐந்து மணிக்கு ஆட்டம். நாலே முக்காலுக்கு அணிப் பட்டியல் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு யாரையும் மாற்ற முடியாது.

மணி நாலு இருபது.

கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தத் தாளை மறுபடியும் பிரித்தாள். நோட்டிலிருந்து கிழித்த தாள். மடிப்புகளில் நைந்துபோயிருந்தது.

அண்ணன் ஷெல்பின் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும்போதெல்லாம் இப்படி ஒரு தாளை எழுதி அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் படகேறுவான். ஆழ்கடலில் போன் எடுக்காது. போனில் அவன் ஆடும் கால்பந்து விளையாட்டிலோ வாரம் தவறாமல் ஆட்டம். இரண்டு வாரம் யாரும் உள்ளே வரவில்லையென்றால் அணியைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். நாலு வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய அணி.

அதனால் பாஸ்வேர்டு தங்கச்சியிடம்.

இந்தக் கரையில் பாதி அணிகள் இப்படித்தான் பிழைத்துக் கிடக்கின்றன. பையன்கள் கடலில் இருப்பார்கள். அவர்களின் கோல் கீப்பர்களையும் ஃபார்வர்டுகளையும் தங்கச்சிகளும் பெண்டாட்டிகளும் கரையில் இருந்து மேய்ப்பார்கள்.

இந்த முறை ஐந்து வாரம் கடலில் தங்கல். தாளில் ஐந்து பட்டியல்கள். ஓரமெல்லாம் அவன் கிறுக்கல்.

‘மொத ஆட்டம் லேசு. நீ கெடுத்தாதான் உண்டு.’

‘மூணாவதுல தோப்போம். அழுது வைக்காதே.’

மூன்றாவதில் ஜெயித்தார்கள். அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

நாலாவதற்குப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

‘டுவார்த்தேய மட்டும் வெளிய உக்கார வைக்காதே. வச்சேன்னா வந்து காதத் திருகி எடுத்துருவேன், பாத்துக்கோ.’

முன்வரிசை ஆட்டக்காரன் டுவார்த்தேவுக்கு முப்பத்தைந்து வயது. பாதி ஆட்டத்திலேயே அவன் பெயருக்கு அடியில் தெம்பைக் காட்டும் பச்சைக் கோடு தேய்ந்து சிவப்பாகிவிடும். கடைசியாக எப்போது கோல் போட்டான் என்று விளையாட்டுக்கே மறந்திருக்கும்.

“எதுக்கு இந்தக் கெழவனக் கட்டிட்டு அழுற?” என்று ஒருமுறை கேட்டாள்.

“போன வருசம் நம்மள மேல தூக்கி விட்டவன்லா எட்டி. அத மறந்தா நாம மனுசனா?”

ஐந்து ஆட்டமும் டுவார்த்தே இறங்கினான். ஐந்து ஆட்டமும் மூச்சு வாங்கினான். தாளில் இருந்ததை அவள் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

இன்றைக்கு ஜெயித்தால் முதல் டிவிஷன்.

ஐந்தாவது பட்டியலுக்குக் கீழே ஒரே ஒரு வரி.

‘ஆறாவதுக்கு நான் வந்துருவேன். நீ ஒண்ணும் தொடாதே.’

கூடப் போன இரண்டு படகுகள் செவ்வாய்க்கிழமையே கரைக்கு வந்துவிட்டன.

ஒன்பது நாளாக அவன் படகு வயர்லெஸ்ஸில் பேசவில்லை. இன்ஜின் கோளாறாக இருக்கும் என்றார் ஒருவர். காற்றில் தீவுப் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். வந்த படகில் இருந்த ஒருவன் இவளைப் பார்த்ததும் குனிந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

மணி நாலரை.

போனை நிமிர்த்தினாள். அந்த வட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. போன ஆட்டத்தில் ஒருவனுக்குக் காலில் அடி. தொடாமல் விட்டால் பத்துப் பேர்தான் இறங்குவார்கள்.

தொட்டால்?

அவன் வரவில்லை என்று இந்த வீட்டில் முதலில் சொன்னவள் அவளாகிவிடுவாள்.

அம்மா கோயிலில் இருந்து வந்தாள். ஒன்பது நாளாக இரண்டு நேரமும் கோயில்தான். முக்காட்டை இறக்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். பந்தாட்டத்தில் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சனிக்கிழமை தவறாமல் இதைக் கேட்பாள்.

“ஆளெல்லாம் எறக்கிட்டியா மக்களே?”

“இல்லம்மா. அண்ணன் வந்து எறக்கும்.”

அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“வந்து பாத்து, ஆளக் கொறச்சு எறக்கியிருக்கன்னு தெரிஞ்சா சும்மாவா இருப்பான்? வீட்டையே ரெண்டாக்கிருவான்லா.”

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

வீடு சத்தமில்லாமல் இருந்தது. ஒன்பது நாளாகவே அப்படித்தான் இருந்தது.

விரல் இறங்கியது.

காலி வட்டத்தில் ஒருவனைப் போட்டாள். பதினொன்று.

பிறகு முன்வரிசைக்குப் போனாள். டுவார்த்தேவின் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். முகம் வட்டத்தைவிட்டுக் கழன்று விரலோடு வந்தது. அப்படியே இழுத்துக்கொண்டு போய்த் திடலுக்கு வெளியே, பெஞ்சின் கடைசியில் உட்கார வைத்தாள். அங்கே இருந்த ஒரு சின்னப் பையனை அவன் இடத்தில் இறக்கினாள்.

‘உறுதியாகவா?’ என்று கேட்டது திரை.

ஆம்.

நாலே முக்காலுக்குப் பட்டியல் பூட்டிக்கொண்டது.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் போய் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

ஐந்து மணிக்கு உள்ளே போன் விசில் ஊதியது. ஆட்டம் தொடங்கிவிட்டது. அவள் எழுந்து போகவில்லை.

கடற்கரைக்குப் போகும் தெருவைப் பார்த்தபடி, காதை மறைத்துக் கிடந்த முடியைப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.