பேரைச் சொல்லுங்க

கல்முனை மண்டபத்தில் தனக்காகக் கட்டியிருந்த பதாகையைப் பார்த்ததும் சுபைறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘சமாதானத் தாரகை ஜனாபா முகைதீன்பாவா.’ தாரகையைப் பெரிய மனசோடு பொறுத்துக்கொண்டாள். புருசன் பேரைத்தான் பொறுக்க முடியவில்லை.

மைக்கைப் பிடித்தாள்.

“கிரிக்கெட் சண்டையில ரெண்டு ஊரும் பொல்லோட நிண்ட அண்டைக்கு, நடு றோட்டுல போய் நிண்டது நான். இவர் கதவைப் பூட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள இருந்தாரு. என்ட பேர் சுபைறா!”

முன்வரிசையில் முகைதீன்பாவா தலையைக் குனிந்துகொண்டார். கைதட்டல் அதிர்ந்தது. சுபைறாவுக்கு உசார் ஏறிவிட்டது.

“ஆருட பொஞ்சாதி, ஆருட உம்மா எண்டு கூப்பிட்டே எங்கட பேரை அழிச்சுப் போட்டீங்க! அண்டைக்கு மற்ற ஊரு, பெரியநீலாவணையில இருந்து வந்து என்ட கையைப் புடிச்சிக்கிட்டு நிண்டவ ஒருத்தி இருக்கா. இந்தப் பொன்னாடையில பாதி அவக்கு. அவட பேரைச் சொல்றன், எழுதுங்க!”

நிருபர் பேனாவைத் திறந்தார். சுபைறா வாயைத் திறந்தாள், திறந்தபடியே நின்றாள். வருசா வருசம் பெருநாளுக்கு அவள் வட்டிலப்பம் செய்து கொடுத்தனுப்புகிற வீடுதான்.

“மேனுஜாட அம்மா,” மைக்கிலேயே குரல் இறங்கியது, “உங்கட பேரென்ன?”

பின்வரிசையில் அவள் எழும்பினாள்.

“செல்லத்தங்கம். வெக்கப்படாதீங்க அஸ்ஹர்ட உம்மா, உங்கட பேரும் எனக்கு இப்பதான் தெரியும்.”