ஆறாம் மாதத்துப் படம்

மூன்றாவது முறையாக ஆறாம் மாதத்தை அழித்தான்.

நாலு சரியாக வந்துவிட்டது. ஐந்து அதைவிட நன்றாக வந்தது. கை தானாகவே போனது. கீழ்வயிற்றில் தொடங்குகிற சின்ன வளைவு, அதன் மேல் உடுப்பு லேசாகத் தூக்கி நிற்பது, எல்லாம் ஒரே இழுப்பில் விழுந்தன.

ஆறில் கை நின்றுவிட்டது.

கர்ப்பிணிகளுக்கான பனியன் துணி உடுப்பு. வெளிநாட்டு ஆர்டர். நாலாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரை ஐந்து படங்கள், நாளைக் காலைக்குள். திருப்பூரில் பதினைந்து வருடமாக ஃபேஷன் படம் வரைகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஒப்புக்கொண்டான்.

புத்தி கெட்டவன்.

மனைவியிடம் நைட்டி ஆர்டர் என்று சொல்லி வைத்திருந்தான்.

கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு எரிந்தது. பலகையின் மேல் பழைய அடிப்படம். அதன் மேல் புதுத் தாள். என்ன உடுப்பு வந்தாலும் அந்த ஒரே உருவத்தின் மேல் தாளை வைத்துத்தான் வரைவான். எட்டு வருடமாக அப்படித்தான்.

அந்த உருவம் அவள்தான்.

கல்யாணமான புதிதில் ஜன்னலோரம் நிற்க வைத்து வரைந்தது. பாரமெல்லாம் இடது காலில். அப்புறம் காலை இழுத்து நீட்டி ஒன்பது தலை உயரம் ஆக்கினான். நிஜத்தில் மனிதர்கள் ஏழரைத் தலை உயரம்தான். ஃபேஷன் படத்துக்கு அது போதாது. முகத்தை வெறுமையாக விட்டான். அதுவும் வழக்கம்தான்.

"இத்தன ஒசரம் பண்ணிப்போட்டு மூஞ்சியக் காணமுங்களே" என்று அன்றைக்கு அவள் சிரித்தாள்.

அவள் போடாத உடுப்பில்லை. எல்லாம் தாளில்.

போன் அடித்தது. விரலெல்லாம் பென்சில் கரி. விரல் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான். கம்பெனியிலிருந்து பூங்கோதை. ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவள். காலையில் எப்படியோ ஒப்பேற்றி அனுப்பிய ஐந்து மாதிரிகளையும் பார்த்துவிட்டாள்.

"நாலும் அஞ்சும் உசுரோட இருக்குதுங்க. ஆறுல இருந்து தலகாணி கட்டி உட்ட மாதிரி இருக்குது. வேற ஆளு வரைஞ்சதுங்களா?"

நல்ல பெண். அவளுக்கு எதுவும் தெரியாது.

"மாத்தித் தர்றனுங்க" என்றான்.

வைத்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் மனைவி நிற்கிறாள். சந்தைப் பை இன்னும் கையிலேயே இருந்தது.

தாளை மறைக்கக் கை போனது. இனி மறைக்க என்ன இருக்கிறது. எல்லாம் கேட்டாயிற்று.

அவள் பக்கத்தில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாலு. ஐந்து. ஐந்தாம் படத்தை விட்டு வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

அவளுக்கு ஐந்தோடு முடிந்துவிட்டது. இரண்டு வருடமாகப் போகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்போதெல்லாம் கம்பெனியிலிருந்து வந்ததும் அவன் முதலில் பார்ப்பது அந்த வயிற்றைத்தான். நேற்றைக்கு இன்றைக்குக் கோடு எங்கே மாறியிருக்கிறது என்று சரியாகச் சொல்வான். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள்.

அந்தக் கண்ணுக்கு ஐந்து வரைதான் தெரியும். அதற்கு மேல் அது பார்க்கவில்லை. போனில் தேடினால் ஆயிரம் வயிறுகள் கிடைக்கின்றன. தேடினான். ஒன்றும் அவள் உடம்பில் ஒட்டவில்லை.

அழுவாள் என்று நினைத்தான். திட்டினால்கூட நல்லது என்று நினைத்தான்.

அவள் பையைச் சுவரோரம் வைத்தாள். ஒரு தக்காளி உருண்டு மேசைக்கு அடியில் போனது. இருவரும் அதை எடுக்கவில்லை.

ஜன்னலோரம் போய் நின்றாள்.

"ஏனுங்க, ஆறு மாசத்துல இப்படி ஒத்தக் கால்ல பாரத்தப் போட மாட்டாங்க. ரெண்டையும் அகட்டித்தான் நிப்பாங்க."

கால்களை அகட்டினாள். தோளைப் பின்னால் சாய்த்தாள். ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் ஊன்றிக்கொண்டாள். இன்னொரு கை முன்னால் வந்து, வயிற்றைத் தொடாமல், நாலு விரல் தள்ளி நின்றது.

அவன் அந்த இடைவெளியைப் பார்த்தான்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"இப்பவும் நீங்க கம்பெனிக்குப் போனப்பறம் கண்ணாடி முன்னால நின்னு பாப்பனுங்க. ஆறு, ஏழு, எல்லாமே."

இவ்வளவு நாளும் தான் மட்டும்தான் அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தான்.

பழைய அடிப்படத்தை உருவி எடுத்தான். விளக்கை அணைத்தான். அவளைப் பார்த்தே வரைந்தான்.

காலை இழுத்து நீட்டவில்லை. ஏழரைத் தலைதான். பூங்கோதை திட்டினால் திட்டட்டும்.

ஆறு முடிந்தது. அவன் தாளை மாற்றியபோது அவளுடைய கை இன்னும் கொஞ்சம் முன்னே நகர்ந்தது. ஏழு. முதுகு இன்னும் சாய்ந்தது. எட்டில் கை கீழே இறங்கி, அடியில் ஏந்திக்கொண்டது.

எட்டில் உயிர் வந்துவிட்டது. அவனுக்கே தெரிந்தது. அப்புறம்தான் முகத்தையும் வரைந்திருப்பதைக் கவனித்தான்.

"ஆச்சு. அவங்க கேட்டது எட்டு வரைக்குந்தான்."

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடை வரை வந்திருந்தது. ஒரு கை இடுப்பில். ஒரு கை வயிற்றுக்கு அடியில். துடைக்கக் கை காலியில்லை.

"ஒம்பதும் வரைஞ்சிருங்க" என்றாள்.

அவன் இன்னொரு தாள் எடுத்தான்.